கீமோ எடுப்பவருக்கு வாந்தி மாத்திரை: சீட்டு வாங்குவது முதல் ஐந்தாம் நாள் வரை

கோவைக்கோ பெருந்துறைக்கோ சேலத்துக்கோ போய்க் காலையில் கீமோ (புற்றுநோய்க்கான மருந்து) ஏற்றிக்கொண்டு, சாயங்காலமே காங்கேயத்துக்கும் அந்தியூருக்கும் தாராபுரத்துக்கும் திரும்பிவிடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். மருத்துவமனையில் இருக்கிற நேரத்தில் வாந்தி பெரும்பாலும் வருவதில்லை. கீமோவுக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் ஊசியும் போட்டுவிடுவார்கள். தொல்லை இரண்டாம் நாள் ராத்திரியிலும் மூன்றாம் நாளிலும்தான். அந்நேரம் ஊரில் மெடிக்கல் பூட்டியிருக்கும், கையில் இருக்கும் அட்டையில் எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கீமோவுக்கான வாந்தி மாத்திரை வாந்தி வந்த பிறகு போடுவதற்கு அல்ல, வராமல் இருக்கப் போடுவது. "நல்லாத்தானே இருக்குது, எதுக்கு மாத்திரை" என்று இரண்டாம் நாள் நிறுத்துகிறவர்கள்தான் மூன்றாம் நாள் ட்ரிப்ஸ் ஏற்ற ஓடுகிறார்கள்.

கீழே வரும் மில்லிகிராம் கணக்கெல்லாம் உங்கள் சீட்டைப் புரிந்துகொள்ளவும் தவறு இருந்தால் கண்டுபிடிக்கவும்தான். இதைப் பார்த்து நீங்களாக மருந்து தொடங்கவோ அளவை மாற்றவோ வேண்டாம். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு எடை பார்த்துத்தான் அளவு.

1. முதல் ஊசிக்கு முன்பு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

எல்லா கீமோவும் ஒரே மாதிரி குமட்டாது. சிஸ்பிளாட்டின், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்ஸோரூபிசின் – சைக்ளோபாஸ்பமைடு கூட்டு, டகார்பசின் ஆகியவை கடுமையான வகை. தடுப்பு மருந்து இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே வாந்தி வரும். கார்போபிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், இரினோடெகான் நடுத்தரம். பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் லேசான வகை. வின்கிரிஸ்டின், ட்ராஸ்டுசுமாப் போன்றவற்றில் குமட்டல் மிகக் குறைவு. அதனால்தான் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நாலு மாத்திரையும் உங்களுக்கு ஒன்றும் எழுதுகிறார்கள். அவர் சீட்டைப் பார்த்து உங்கள் சீட்டில் குறை சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரிடமோ டே கேர் சிஸ்டரிடமோ கேட்க வேண்டியவை:

– எனக்குப் போடும் கீமோ மருந்தின் பெயர் என்ன, வாந்தியில் எந்த வகை?
– இன்றைக்கு ஊசியாக எந்த வாந்தி மருந்து போட்டீர்கள்?
– "ரெண்டாம் நாள், மூணாம் நாள் என்னென்ன போடோணும்ங்க? எந்த நேரத்துக்குங்க?"
– போட்டும் வாந்தி வந்தால் கூடுதலாகப் போட எந்த மாத்திரை?
– ராத்திரி எந்த எண்ணுக்குப் போன் செய்வது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். புறநோயாளி சீட்டில் இருக்கும் எண் பல இடங்களில் பகலில் மட்டும்தான் எடுக்கப்படும்.

நீங்கள் காட்ட வேண்டியதும் உண்டு. தற்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சுகர், பிரஷர், இதயம், தைராய்டு, தூக்கம், வலி மாத்திரைகளோடு, கேஸ் டிரபிளுக்கு நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதும் சித்த மருந்துப் பொடியும் அதில் சேர வேண்டும். கேஸ் மாத்திரை ஏன் முக்கியம் என்பது மூன்றாவது தலைப்பில் வருகிறது. பழைய இ.சி.ஜி. இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, கண் அழுத்தம், கல்லீரல் நோய் எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

2. சீட்டில் உள்ள பெயர்கள்: எது என்ன வேலை செய்கிறது

ஒண்டன்செட்ரான், கிரானிசெட்ரான், பலோனோசெட்ரான்: மூன்றும் ஒரே குடும்பம். குடலிலும் மூளையிலும் செரோடோனின் என்ற ரசாயனம் கிளப்பும் வாந்தி உணர்வை மறிப்பவை. முதல் 24 மணி நேரத்துக்கு நன்றாகக் கேட்கும், அதற்குப் பிந்தைய குமட்டலுக்கு அவ்வளவாகக் கேட்காது. ஒண்டன்செட்ரான் மாத்திரை 4, 8 மி.கி. அளவுகளில் கிடைக்கும். பெரியவர்களுக்கு 8 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை என்பது வழக்கமான சீட்டு. கல்லீரல் கடுமையாகப் பாதித்தவர்களுக்கு ஒரு நாளுக்கு மொத்தமே 8 மி.கி.தான். பலோனோசெட்ரான் 0.25 மி.கி. ஊசியாகப் போடுவது, உடலில் சில நாள் தங்கும். அது போட்டிருந்தால் மறுநாளே ஒண்டன்செட்ரான் தேவைதானா என்று கேளுங்கள்.

அப்ரெபிடன்ட்: மூன்று கேப்ஸ்யூல் கொண்ட கிட். முதல் நாள் 125 மி.கி., கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இரண்டாம், மூன்றாம் நாள் காலையில் 80 மி.கி. வீதம். தாமதமாக வரும் குமட்டலுக்கு இதுதான் கைகொடுக்கும். முதல் கேப்ஸ்யூலை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிடுவதால், மீதி இரண்டும் பையின் அடியிலேயே கிடந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இதற்குப் பதிலாக ஃபோஸ்அப்ரெபிடன்ட் 150 மி.கி. ஊசி ஒரே தடவையாகப் போட்டிருந்தால் வீட்டில் கேப்ஸ்யூல் இருக்காது, பயப்பட வேண்டாம்.

டெக்ஸாமெதசோன்: ஸ்டீராய்டு. கடுமையான வகை கீமோவில் முதல் நாள் 12 மி.கி., அடுத்த இரண்டு மூன்று நாள் 8 மி.கி. என்று எழுதுவார்கள். காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போட்டால் அன்று தூக்கம் போய்விடும். சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, விக்கல் நிற்காமல் வரும். அதுவும் இந்த மாத்திரையின் வேலைதான். அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்.

ஒலன்சபின்: குடும்பங்களில் அதிகக் குழப்பம் உண்டாக்கும் மாத்திரை இது. மெடிக்கலில் யாராவது "இது மனநோய்க்குக் கொடுக்கறதாச்சே" என்று சொல்லிவிடுவார்கள், அல்லது மகன் செல்போனில் தேடிப் படித்துவிடுவான். அதோடு மாத்திரை குப்பைக்குப் போய்விடும். மனநோய்க்கும் இதைக் கொடுப்பது உண்மைதான். ஆனால் கீமோ குமட்டலை, அதிலும் மூன்றாம் நாள் குமட்டலை, இதுபோல அடக்கும் மருந்துகள் குறைவு. ராத்திரி ஒரு மாத்திரை, 5 அல்லது 10 மி.கி., பெரும்பாலும் நான்கு நாட்கள். வயதானவர்களுக்கு இன்னும் குறைத்து எழுதுவதுண்டு. நாலு நாளில் இதற்கு யாரும் அடிமையாவதில்லை. தூக்கக் கலக்கம் மட்டும் நிச்சயம். மாத்திரை போட்ட மறுநாள் பைக், ஸ்கூட்டர், டிராக்டர் எதையும் ஓட்டக் கூடாது. வயதானவர் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கூட ஒருவர் போக வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது பிரஷர் இறங்கி விழுந்து இடுப்பு உடைந்தால் கீமோவே தள்ளிப்போகும்.

மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன், புரோகுளோர்பெரசின்: "தேவைப்பட்டால்" என்று எழுதும் கூடுதல் மாத்திரைகள் பெரும்பாலும் இவைதான். மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி., ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது, இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது ஆறு மணி நேரம், தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். டோம்பெரிடோனும் ஒரு நாளில் 30 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

லோராசெபம்: ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே, ஸ்பிரிட் வாடை பட்டாலே குமட்டுகிறவர்களுக்கு முந்தின ராத்திரியும் அன்று காலையும் சிறிய அளவில் கொடுப்பது. சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ஒலன்சபினோடு சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும் என்பதால் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கால் மாத்திரைகூடக் கூட்டக் கூடாது.

3. மெடிக்கலில் வாங்கும்போது

மாத்திரையைக் கீமோவுக்கு முந்தின நாளே வாங்கிவிடுங்கள். அப்ரெபிடன்ட் கிட் சின்ன ஊர் மெடிக்கலில் இருப்பு இருக்காது. "நாளைக்கு வருமுங்க" என்றால் உங்களுக்கு அது பயன்படாது.

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். எமெசெட், ஒண்டெம், வாமிகைண்ட், ஜோஃபர் நான்குமே ஒண்டன்செட்ரான். ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும் ஊர் மெடிக்கலில் வேறு பெயரிலும் வாங்கி, இரண்டு வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுவது சகஜமாக நடக்கிறது. பெரினார்ம் என்றால் மெட்டோகுளோபிரமைடு. டாம்ஸ்டால், வாமிஸ்டாப் என்றால் டோம்பெரிடோன்.

கேஸ் மாத்திரையில் ஒளிந்திருக்கும் டோம்பெரிடோன் இன்னொரு சிக்கல். பான்–டி போன்ற, பெயரின் கடைசியில் 'டி' வரும் கேப்ஸ்யூல்களில் பான்டோபிரசோலோடு 30 மி.கி. டோம்பெரிடோனும் மெதுவாகக் கரையும்படி சேர்த்திருப்பார்கள். காலையில் அதை ஒன்று போட்டாலே அன்றைய டோம்பெரிடோன் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் வாந்திக்கு என்று தனியாக டோம்பெரிடோன் போட்டால் இதயத் துடிப்பில் கோளாறு வர வாய்ப்புண்டு. கேஸ் மாத்திரை தேவையென்றால் 'டி' இல்லாத வெறும் பான்டோபிரசோல் போதுமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

டெக்ஸாமெதசோனில் மில்லிகிராம் பார்த்தே தீர வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 0.5 மி.கி. மாத்திரை. சீட்டில் 8 மி.கி. என்று இருந்தால், 4 மி.கி. மாத்திரை என்றால் இரண்டு, 0.5 என்றால் பதினாறு. "ரெண்டு மாத்திரை" என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு 0.5-ல் இரண்டு போடுகிறவருக்குப் போய்ச் சேர்வது ஒரே ஒரு மில்லிகிராம். அப்புறம் மருந்து கேட்கவில்லை என்று புலம்புவார்கள். கடைக்காரரிடம் 4 மி.கி. அட்டையே கேட்டு வாங்குங்கள்.

செலவு: ஒண்டன்செட்ரான் 4 மி.கி. பத்து மாத்திரை அட்டை நூறு ரூபாய்க்குள் அடங்கும். டெக்ஸாமெதசோனும் ஒலன்சபினும் மலிவு. கையைக் கடிப்பது அப்ரெபிடன்ட் கிட்தான். கம்பெனியைப் பொறுத்துப் பல நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். அதே மருந்தை ஜெனரிக்காக (கம்பெனிப் பெயரில்லாமல் மருந்துப் பெயரிலேயே விற்பது) மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள், விலை வித்தியாசம் பெரிது. எங்கே வாங்கினாலும் மருந்துப் பெயரும் மில்லிகிராமும் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை பெறுகிறவர்கள், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வாந்தி மாத்திரையும் தொகுப்பில் அடங்குமா என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மேசையில் கேளுங்கள். கேட்காமலே வெளியில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நிறைய. காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்காதவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, குடும்பத்தார் ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ–சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கை மாறி வர நாள் பிடிக்கும், ஆகவே நோய் உறுதியான வாரமே போட்டுவிடுங்கள். சொந்தக் காசில் வாங்கினால் டாக்டர் சீட்டின் நகலோடு பில்லைச் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். கம்பெனி காப்பீடு, இ.எஸ்.ஐ. இருக்கும் திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்கு இது உதவும். பில்லில் நோயாளி பெயர் இல்லாவிட்டால் பணம் கேட்கும்போது இழுபறியாகும்.

4. ஐந்து நாள் தாள்

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் ஐந்து நாளையும் எழுதி, சிஸ்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாள்காட்டித் தேதியும் கிழமையும் போட்டு எழுத வேண்டும். "இரண்டாம் நாள்" என்று மட்டும் எழுதினால் ஊசி போட்ட நாளை எண்ணுவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை வரும். ஊசி போட்ட நாளே முதல் நாள்.

கடுமையான வகை கீமோவுக்கு ஒரு தாள் இப்படி இருக்கலாம். உங்களுடையது வேறாக இருந்தால் உங்களுடையதுதான் சரி.

திங்கள் (ஊசி நாள்): காலை அப்ரெபிடன்ட் 125, டெக்ஸாமெதசோன் 12, பலோனோசெட்ரான் ஊசி, எல்லாம் ஆஸ்பத்திரியில். ராத்திரி வீட்டில் ஒலன்சபின் 5.
செவ்வாய்: காலைச் சாப்பாட்டுக்குப் பின் அப்ரெபிடன்ட் 80, டெக்ஸாமெதசோன் 8. ராத்திரி ஒலன்சபின் 5.
புதன்: செவ்வாய் போலவே.
வியாழன்: காலை டெக்ஸாமெதசோன் 8. ராத்திரி ஒலன்சபின் 5.
வெள்ளி: மாத்திரை இல்லை. குமட்டினால் கூடுதல் மாத்திரை.

போட்ட ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் அடியுங்கள். வாந்தி எத்தனை தடவை, சாப்பிட முடிந்ததா, மலம் போனதா என்று பக்கத்தில் ஒரு வரி. தாள் ஃபிரிட்ஜ் கதவிலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரை பொறுப்பை வீட்டில் ஒரே ஆள் எடுத்துக்கொள்வது நல்லது. மருமகள் ஒரு தடவை, மகன் ஒரு தடவை என்று கொடுத்தால் இரட்டை வேளை ஆகிவிடும்.

பாக்ளிடாக்சல் போன்ற ஊசிக்கு முன்பு அலர்ஜி வராமல் இருக்கவும் டெக்ஸாமெதசோன் தனிச் சீட்டில் எழுதுவார்கள். வாந்திச் சீட்டிலும் அதுவே இருந்தால், இரண்டும் சேர்த்துப் போடுவதா ஒன்று போதுமா என்று அப்போதே கேளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துப் போட வேண்டாம்.

நாக்கில் கரையும் ஒண்டன்செட்ரான் என்றால் கையை ஈரமில்லாமல் துடைத்து, அட்டையின் பின்தாளை உரித்து எடுங்கள். அழுத்தித் தள்ளினால் நொறுங்கும். நாக்கின் மேல் வைத்தால் கரைந்துவிடும், தண்ணீர் வேண்டாம்.

5. வீட்டுக்குப் போகும் வழி

சமவெளிக்காரர்களுக்கு ஒரு பாலித்தீன் பையும் தண்ணீர் பாட்டிலும் போதும். தாளவாடிக்காரர்களுக்குத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்காரர்களுக்கு 40. வளைவில் சாதாரண ஆளுக்கே வயிறு பிரட்டும். முன் சீட்டில் உட்காருங்கள், தூரத்தில் சாலையைப் பாருங்கள், செல்போன் பார்க்காதீர்கள். வழக்கமாகப் போடும் பஸ் வாந்தி மாத்திரையை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அவோமின் வகையும் ஒலன்சபினும் சேர்ந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார். மலையேற வேண்டும் என்பதை டாக்டரிடம் முன்பே சொன்னால் அதற்கேற்ப எழுதித் தருவார். முதல் சுற்றில் மட்டுமாவது மூன்று நாள் கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். திம்பம் பாதையில் இரவு வாகனக் கட்டுப்பாடு உண்டு. ஆம்புலன்ஸை விடுவார்கள், ஆனால் சொந்த வண்டியில் நடுராத்திரி இறங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

6. போட்டும் வாந்தி வந்தால்

மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து, அதில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால், பொதுவாக அந்த வேளையைத் திரும்பப் போடச் சொல்வார்கள். அப்ரெபிடன்ட், டெக்ஸாமெதசோன் என்றால் போன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள். நேரம் கடந்துவிட்டால் மருந்து இறங்கியிருக்கும், திரும்பப் போட வேண்டாம்.

ஒண்டன்செட்ரான் போட்டும் குமட்டல் நிற்காவிட்டால் அதையே மேலும் மேலும் போடுவதால் பயன் குறைவு. வேறு வகை மருந்து சேர்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் பின்பற்றும் முறை. அந்தக் 'கூடுதல் மாத்திரை'யை முன்பே எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அதைத் தொடங்கினால் ஒரு நாளாவது நேரம் தவறாமல் போடுங்கள். விட்டுவிட்டுப் போட்டால் வரப்பு உடைந்த பிறகு மண் அணைக்கிற கதைதான். ஒலன்சபின் போய்க்கொண்டிருக்கும்போது மெட்டோகுளோபிரமைடோ புரோகுளோர்பெரசினோ சேர்க்கலாமா என்பதை மட்டும் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். இவை ஒன்றாகச் சேர்ந்தால் தசை இறுக்கம் வரும் வாய்ப்பு கூடும்.

அந்த இறுக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை இறுகும், நாக்கு தடிக்கும். வலிப்பு என்றும் காத்துக் கருப்பு என்றும் நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. இது மாத்திரையால் வருவது, இளவயதினருக்கு அதிகம். ஆஸ்பத்திரியில் ஒரு ஊசியில் சரியாகும். மாத்திரை அட்டையை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். அட்டையைப் பார்த்ததும் டாக்டருக்கு விஷயம் புரிந்துவிடும்.

7. சேரக் கூடாத கூட்டு

ஒண்டன்செட்ரானும் டோம்பெரிடோனும் இதயத்தின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் நீட்டக்கூடியவை. அதே வேலையைச் செய்யும் வேறு மருந்துகளும் உண்டு: அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், எஸ்சிட்டாலோபிராம், அமியோடரோன். சளிக்கு என்று ஊர் டாக்டர் அசித்ரோமைசின் எழுதும்போது, நீங்கள் கீமோவில் இருப்பதையும் ஒண்டன்செட்ரான் போடுவதையும் சொல்ல வேண்டும். வாந்தி பேதியால் பொட்டாசியம், மெக்னீசியம் இறங்கியிருந்தால் ஆபத்து கூடும். சிஸ்பிளாட்டின் தானே மெக்னீசியத்தை இறக்கும் மருந்து.

வலிக்கு டிரமடால் போடுகிறவர்கள்: டிரமடாலே குமட்டலைக் கொண்டுவரும், ஒண்டன்செட்ரானோ அதன் வலி குறைக்கும் சக்தியைக் கொஞ்சம் மழுக்கும். வலி திடீரென்று கூடினால் இந்தக் கூட்டையும் டாக்டருக்கு நினைவூட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் மாத்திரையின் வேகத்தை அப்ரெபிடன்ட் குறைக்கும். கிட் தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரையும் வேலை செய்யாமல் போகலாம். கிட் முடிந்து ஒரு மாதம் வரை ஆணுறை போன்ற வேறு வழியும் தேவை. கீமோ காலத்தில் கருத்தரிப்பது கூடாது என்பதால் கூச்சப்படாமல் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, யாரோ சொன்ன வேர்ப்பொடி எதையும் ஊசி நாளைச் சுற்றி ஆரம்பிக்காதீர்கள். கல்லீரல் பரிசோதனை எண் ஏறினால் காரணம் கீமோவா கஷாயமா என்று பிரித்துப் பார்க்க முடியாது. சீரகத் தண்ணீர், சமையல் அளவு இஞ்சி பரவாயில்லை. இஞ்சிச் சாற்றை டம்ளர் கணக்கில் குடிப்பது, தட்டணு குறைந்தவர்களுக்கும் ரத்தம் உறையாமல் மாத்திரை போடுகிறவர்களுக்கும் வேண்டாம்.

8. மாத்திரையால் வரும் தொல்லைகள்

மலச்சிக்கல்தான் பெரியது. ஒண்டன்செட்ரான் குடலை மந்தமாக்கும். மார்ஃபின் வகை வலி மருந்தும் சேர்ந்தால் நாலைந்து நாள் மலம் போகாது, வயிறு உப்பும், அதனாலேயே திரும்பக் குமட்டும், அதற்கு மறுபடி ஒண்டன்செட்ரான் போடுவார்கள். இந்தச் சுழலில் மாட்டுகிறவர்கள் அதிகம். இரண்டு நாள் மலம் போகவில்லை என்றாலே லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை டாக்டர் சொன்ன அளவில் தொடங்குங்கள். முதல் சீட்டிலேயே அதையும் எழுதி வாங்குவது நல்லது. ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ எனிமாவோ கேட்காமல் வேண்டாம். வெள்ளணு குறைந்த நேரத்தில் அங்கே சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வழியாகும்.

தலைவலி சகஜம். பாராசிட்டமால் போடலாம், ஆனால் அதற்கு முன்பு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். காய்ச்சலை அந்த மாத்திரை மறைத்துவிடும்.

சுகர் இருப்பவர்களுக்கு டெக்ஸாமெதசோன் போடும் நாட்களில் சர்க்கரை தாறுமாறாக ஏறும். காலை வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகக் காட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் சாயங்காலமும்தான் ஏற்றம் தெரியும். அந்நேரங்களில் பாருங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வாந்தியில் ஒன்றுமே சாப்பிடாமல் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சாப்பிட முடியாத நாளில் எந்தச் சுகர் மாத்திரையை நிறுத்துவது, இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதையும், பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள் அதை என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள்.

மூளை வீக்கம் போன்ற வேறு காரணத்துக்காக ஏற்கெனவே டெக்ஸாமெதசோன் போட்டுவருபவர், "வாந்திச் சீட்டு முடிஞ்சுது" என்று அதையும் சேர்த்துச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது.

9. சாப்பாடும் தண்ணீரும்

வெறும் வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு வாய். அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைவாக, தாளிப்பு வாடை இல்லாமல், ஆறவைத்துக் கொடுங்கள். சூடான சாப்பாட்டில் வாடை அதிகம். சந்தகை, இட்லி, கெட்டியில்லாத ராகிக் கூழ், பொரி எல்லாம் இறங்கும். நோயாளிக்கு மிகப் பிடித்த பலகாரத்தை அந்த ஐந்து நாளில் கொடுக்காதீர்கள், அதன் மேல் வெறுப்பு தங்கிவிடும். கடுகு தாளிக்கும்போது அவர் திண்ணையில் இருக்கட்டும்.

தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் எடுப்பவர் உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் அடிபடும். வாந்தி இருந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் ஆறிய கொதிநீரில் கரையுங்கள். கால் பாக்கெட்டை டம்ளரில் உத்தேசமாகக் கரைத்தால் உப்புக் கணக்குக் கெடும். பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. இளநீர் நல்லதுதான். சிறுநீரகக் கோளாறோ பொட்டாசியம் அதிகமோ இருப்பவர்கள் கேட்டுக் குடிக்க வேண்டும். வெட்டியதும் குடித்துவிட வேண்டும், வைத்துக் குடிக்கக் கூடாது.

10. காத்திருக்காமல் கிளம்ப வேண்டியவை

– காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல். வாந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த நேரமானாலும்.
– 24 மணி நேரமாகத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை.
– எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அல்லது மிகக் கொஞ்சமாகக் கரும் மஞ்சளில்.
– வாந்தியில் ரத்தம், அல்லது காப்பித்தூள் நிறம்.
– வயிறு உப்பி வலிக்கிறது, மலமும் காற்றும் பிரியவில்லை. குடல் அடைப்பாக இருக்கலாம். மெட்டோகுளோபிரமைடு இங்கே போடவே கூடாது.
– மயக்கம், நெஞ்சு படபடப்பு, குழப்பமான பேச்சு, கடுந்தலைவலி.
– கழுத்து, தாடை இறுக்கம்.

108-ஐ அழைக்கும்போது "கீமோ நோயாளி, ஊசி போட்டு இத்தனை நாள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104. ஐந்து நாள் தாளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைப் பையையும் ஒரே கவரில் வாசல் பக்கம் வைத்திருங்கள்.

11. அடுத்த சுற்றுக்கு முன்

டிக் அடித்த தாளை டாக்டரிடம் நீட்டுங்கள். "கொஞ்சம் வாந்தி இருந்துதுங்க" என்று மட்டும் சொன்னால் பழைய சீட்டையே திரும்ப எழுதுவார்கள். "மூணாம் நாள் அஞ்சு தடவை, ரெண்டு நாள் சோறு எறங்கலைங்க" என்று தாளோடு சொன்னால் சீட்டு மாறும். வாந்தியே இல்லாமல் குமட்டல் மட்டும் இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுபோல வேலை செய்வதில்லை. தூக்கம் அதிகமாக இருந்தால் ஒலன்சபினை நிறுத்தாமல் அளவைக் குறைக்க வழியுண்டு.

மிச்ச மாத்திரைகளில் தேதியையும் மருந்துப் பெயரையும் பார்த்து, அடுத்த சுற்றுக்கு எத்தனை போதவில்லையோ அத்தனை மட்டும் வாங்குங்கள். அட்டையின் பெயர் தெரியும் பக்கத்தைக் கத்தரித்துவிடாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரை எடுங்கள். சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகு மீந்தவற்றைப் பேரக் குழந்தையின் வயிற்றுக் கோளாறுக்கோ பஸ் பயணத்துக்கோ எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒலன்சபினும் லோராசெபமும் குழந்தை கைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் இருக்கட்டும், தேவை முடிந்ததும் எப்படி அப்புறப்படுத்துவது என்று மருந்து கொடுத்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.